தெப்பம் ஏறிய போன்

போன வாரம் நான் பெருமாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஏதோ தெரியாமல் திரும்பிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். தீபாராதனை தொடங்கியதிலிருந்து முடிகிற வரைக்கும் அப்படியேதான் நின்றேன். குளத்தின் நான்கு கரையிலும் ஊர் நின்று பார்த்தது. என் மனைவி சரோஜாவும் பார்த்தாள்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். நெற்றியில் திருமண் ஏறாமல் காப்பி தொண்டையில் இறங்காது. கோயில் வாசலைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டுகிறவன். அப்படிப்பட்டவன் ஏன் முதுகைக் காட்டினான்?

ஒரு போனால்தான். சொல்கிறேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு இரண்டு வரி. சின்ன காஞ்சிபுரத்தில் பந்தல், பாத்திரம், நாற்காலி வாடகைக்கு விடுகிறேன். படிப்பு எட்டாவது. எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பெருமாள் கோயிலுக்குத் தெப்பம் கட்டுவதும் என் வேலை. காலி எண்ணெய்ப் பீப்பாய்களை வரிசையாக மிதக்கவிட்டு, மேலே சவுக்குக் கம்பு, அதன் மேல் பலகை, பலகையின் பின்பக்கத்தில் பெருமாளுக்கு ஒரு மண்டபம். முன்பக்கத்தில் மேளக்காரர்கள், பாசுரம் சொல்லுகிற கோஷ்டி, விழாச் செலவை ஏற்கிற உபயதாரர் குடும்பம். கரையிலிருந்து கயிறு போட்டு இழுப்பார்கள். மூன்று சுற்று. மூன்றாவது சுற்றில் குளத்துக்குள் தெப்பத்தை நிறுத்தித் தீபாராதனை.

அந்தத் தீபாராதனையை இத்தனை வருஷத்தில் நான் ஒருமுறைகூட சேவித்ததில்லை.

நம்ப மாட்டீர்கள். ஒரு வருஷம் கரையில் கயிறு பிடித்தேன். ஒரு வருஷம் ஜெனரேட்டர் நின்றுபோய், அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மற்ற வருஷங்களில் கழுத்தளவுத் தண்ணீரில், பீப்பாயைப் பிடித்தபடி தெப்பத்துக்கு அடியில். மேலே மணி அடிக்கும். 'கோவிந்தா' என்பார்கள். நானும் அடியிலிருந்து 'கோவிந்தா' என்பேன். பெருமாள் எப்படி இருந்தார் என்று கரைக்கு வந்து யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

கடைசியாகத் தெப்பம் ஓடி ஏழெட்டு வருஷம் இருக்கும். அதற்குப் பிறகு மழை சரியில்லை. குளத்துக்குள் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடினார்கள். அந்தக் கடைசித் தடவை ஒரு தப்பு நடந்தது. தீபாராதனை நேரத்தில் தெப்பத்தின் பின்பக்கம் அமுங்கியது. பெருமாள் பீடத்தில் தண்ணீர் பட்டுவிட்டது. நான் அடியிலிருந்து தோளைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். நான் ஒத்தை ஆள், அது தெப்பம். என்ன ஆகும்?

பட்டர் பரிகாரம் எல்லாம் செய்தார். ஊர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது: "பந்தல்காரன் ஓட்டைப் பீப்பாய் போட்டுட்டான்."

ஓட்டை இல்லை. மறுநாளே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். யாரிடம் சொல்வது?

இந்த வருஷம் நல்ல மழை. குளம் மேல்படி வரைக்கும் நிறைந்துவிட்டது. தெப்பம் என்று முடிவானதும் பட்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"பந்தல்காரரே, ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். இந்தத் தடவையும் பீடத்துல ஜலம் பட்டுதுன்னா, இனிமே பெருமாள் கரையோட சேவை சாதிச்சுடுவார். தெப்பமே வேண்டாம். என்னால தாங்க முடியாது."

"படாது சாமி. இந்த வாட்டி நானே மேல நிக்கறேன்."

சொல்லும்போதே எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். மேலே நின்றால் சேவிக்கலாமே!

இந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை லீவில் வந்து இறங்கினார்.

மாப்பிள்ளை ஏனாத்தூர் காலேஜில் படித்தவர். இப்போது ஆஸ்திரேலியாவில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே சனிக்கிழமை ஆனால் நண்பர்களோடு படகில் கடலுக்குப் போவாராம். மீன் பிடிக்கவா? இல்லை. எதிர்க்கரையில் ஏதாவது வேலையா? அதுவும் இல்லை. போவது, திரும்பி வருவது. இதற்காக நாலு பேர் சேர்ந்து ஒரு படகே வாங்கி வைத்திருக்கிறார்கள்.

"எதுக்கு மாப்பிள்ளை?" என்றாள் சரோஜா, சாப்பாடு பரிமாறிக்கொண்டே.

"சும்மாதான் அத்தை. ரிலாக்ஸ்."

"ரிலாக்ஸுக்கா கடலுக்குள்ள போறீங்க? பயமா இல்ல?"

"அதுக்குத்தான் போன்ல எல்லாம் வெச்சிருக்கேன் அத்தை" என்று இடது கையால் பையிலிருந்து போனை எடுத்து வைத்தார்.

அதில் நம்பர் பட்டன்களே இல்லை. முழுக்கக் கண்ணாடி. தொட்டால் நகர்கிறது. கண்ணாடிக்குள் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு அப்ளிகேஷன். சுருக்கமாக 'ஆப்' என்று சொல்ல வேண்டுமாம். படகுக்காரர்களுக்கென்றே தனியாக ஆப் செய்து விற்கிறார்கள். சிலது இலவசம்.

காஞ்சிபுரத்தில் சொந்தப் படகு வைத்திருக்கும் வாசகர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, காற்று ஆப். எந்தத் திசையிலிருந்து காற்று வரும், எத்தனை மணிக்கு எவ்வளவு வேகம் என்று அம்புக்குறி போட்டுக் காட்டுகிறது. எங்கள் வீட்டில் நெட் கிடைக்கவில்லை. மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி மேல் போனை வைத்துக் காத்திருந்தோம். சரோஜா வடாம் பிழிந்து முடித்துவிட்டாள், அப்புறம்தான் காற்று வந்தது. ஆனால் குறை சொல்ல மாட்டேன். தெப்பத்தன்று ஆறு மணிக்கு மேல் காற்று அடங்கும் என்றது. அடங்கியது.

அடுத்தது, கடல் ஏறும் நேரம், இறங்கும் நேரம்.

"நம்ம கொளத்துக்கு இன்னா சொல்லுது?" என்று சரோஜா கேட்டாள்.

"குளம் இதுல வராது அத்தை. பக்கத்துல இருக்கற கடலைத்தான் காட்டும். சென்னை."

"கொளம் எப்ப ஏறும்னு எனக்கே தெரியும். மழை பேஞ்சா ஏறும்" என்று உள்ளே போய்விட்டாள்.

அப்புறம் நங்கூரத்துக்கு ஒரு ஆப். படகை நிறுத்திவிட்டுக் கண் அசந்தால், நங்கூரம் பிடி விட்டுப் படகு நகர்ந்தால், இது சங்கு ஊதி எழுப்பிவிடும். வைத்த இடத்திலிருந்து இத்தனை அடிக்கு மேல் நகரக்கூடாது என்று நாமே சொல்லி வைக்கலாம். சரோஜா சமையலறையிலிருந்தே சொன்னாள்: "உங்க மாமாவுக்கு ஒண்ணு போட்டு வைங்க மாப்பிள்ளை. பாத்திரம் எண்ணிட்டு வரேன்னு போவாரு, பொழுது சாஞ்சாத்தான் வருவாரு."

ஆபத்து என்றால் நாம் இருக்குமிடத்தைக் கரைக்கு அனுப்புகிற ஆப்பும் இருக்கிறது. எங்கள் குளத்தில் அதற்குத் தேவையில்லை. கூப்பிட்டால் கேட்கும்.

எல்லாம் காட்டி முடித்துவிட்டு, கடைசியாக மாப்பிள்ளை ஒன்றைக் காட்டினார். போனை மேஜை மேல் நிறுத்தி வைத்தார். கண்ணாடியில் ஒரு கோடு, நடுவில் சைபர். போனின் ஒரு பக்கத்துக்குக் கீழே ஸ்பூன் காம்பைச் செருகினார். கோடு சாய்ந்தது. மூன்று டிகிரி.

"படகு எவ்ளோ சாயுதுன்னு இது காட்டும் மாமா. நாம சொல்ற அளவைத் தாண்டிட்டா கத்தும்."

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். "இது பீப்பாய் மேலயும் காட்டுமா?"

"எதுமேல வெச்சாலும் காட்டும்."

"சாப்ட்டுட்டுக் கெளம்புங்க மாப்பிள்ளை. கொளத்துக்குப் போவோம்."

குளத்தில் ஏழுமலை பீப்பாய் கட்டிக்கொண்டிருந்தான். ஏழுமலை தறிக்காரன். பட்டு நெய்கிற கை. தேங்காய் நாரில் அவன் போட்ட முடிச்சைப் பிரிக்க அரிவாள் வேண்டும். தெப்பத்துக்கு மட்டும் நாலு நாள் தறிக்கு லீவு விட்டுவிட்டு வருவான்.

மாப்பிள்ளை தெப்பத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, முதல் கேள்வி கேட்டார். "மாமா, லைஃப் ஜாக்கெட் எத்தனை?"

நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"பெருமாள்தான் கூடவே வராரே" என்றான் ஏழுமலை.

"அவருக்கு இருக்குதா?" என்றார் மாப்பிள்ளை.

ஏழுமலை யோசித்தான். "இல்லைபா."

"மொத்தம் எத்தனை பேர் ஏறுவீங்க?"

எத்தனை பேர் என்று யார் எண்ணினார்கள்? இடம் இருக்கிற வரைக்கும் ஏறுவார்கள். இடம் இல்லாவிட்டால் இடுக்கிக்கொண்டு ஏறுவார்கள். மாப்பிள்ளை அன்று சாயங்காலமே பழைய லாரி ட்யூப்கள் வாங்கிக் காற்றடித்து நான்கு பக்கமும் கட்டச் செய்தார். பேர் எழுதி ஒரு லிஸ்ட் போட்டார். அதில் இல்லாதவர் ஏறக்கூடாது. உபயதாரரின் சகலை வீட்டாரே நின்றுபோனார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இது ஆப் செய்த வேலையில்லை. மாப்பிள்ளை செய்தது.

தெப்பத்தன்று காலையில் ஒத்திகை. லிஸ்டில் இருப்பவர்கள் எல்லாரும் ஏறினார்கள். தெப்பத்தின் முன்விளிம்பில் தடுப்புக் கம்பு இருக்கும். அதில் போனை நெஞ்சு உயரத்துக்கு நிறுத்தி, ஏழுமலை பட்டு நூலால் கட்டினான். கண்ணாடி எங்கள் பக்கம் பார்த்தபடி.

கோடு நாலு டிகிரி காட்டியது. முன்பக்கம் கனம்.

"தவில்காரர் கொஞ்சம் பின்னாடி வாங்க" என்றார் மாப்பிள்ளை.

தவில் வாசிக்கும் கன்னியப்பன் பெரிய உடம்புக்காரர். நல்ல மனிதர், கோபமும் பெரிசு. "நான் எவ்ளோ எடைன்னு அந்தப் போனு சொல்லுதா?"

"இல்லைங்க. தெப்பம் சொல்லுது."

கன்னியப்பன் இரண்டடி பின்னால் வந்தார். கோடு இரண்டானது. உபயதாரரின் மாமனார் நாற்காலியோடு நகர்ந்தார். ஒன்று. பாசுரக்காரர்கள் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு என்று பிரிந்து நின்றார்கள்.

சைபர்!

ஏழுமலைக்கு உடனே பிடித்துவிட்டது. "தறியில பாவு மாதிரிதான்பா. இந்தப் பக்கம் ஒரு இழை தளர்ந்தா அந்தப் பக்கம் சேலை கோணிக்கினு போவும்" என்றான். பட்டரும் குனிந்து பார்த்தார். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

நான் மனதுக்குள் எனக்கு இடம் பிடித்துவிட்டேன். பெருமாளுக்கு நேர் எதிரே, தெப்பத்தின் நடுவில். ஏழெட்டு அடி. கண்ணை மூடினால்கூடத் தெரியும் தூரம்.

அப்போதுதான் மாப்பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டார். "மாமா, தீபாராதனை நேரத்துல எல்லாரும் எங்க நிப்பீங்க?"

"எங்க நிப்போம்? நின்ன எடத்துலதான்."

"யாரும் நகர மாட்டீங்களே?"

"எதுக்கு நகரணும்?" என்றார் கன்னியப்பன். கோஷ்டியும் அதையே சொன்னது. உபயதாரரின் மாமனார் எழுந்து நின்று சொன்னார்.

"அப்ப ஒரு தடவை செஞ்சு பாத்துடுவோம். சாமி, விளக்கு ஏத்த வேணாம். வெறும் தட்டை எடுத்து மணி மட்டும் அடிங்க."

மண்டபத்தில் பெருமாள்கூட இல்லை. காலி பீடம். பட்டர் வெறும் தட்டைத் தூக்கினார். மணியை அடித்தார்.

போன் கத்தியது.

ஒன்பது டிகிரி! தெப்பத்தின் பின்பக்கம் அமுங்கி, பலகை மேல் தண்ணீர் ஏறி, பட்டர் காலை நனைத்துவிட்டுப் போயிற்று. அவர் மணியை நிறுத்தினார்.

"யாரு நகர்ந்தது?" என்றார்.

"நான் நகரல" என்றார் கன்னியப்பன். அவர் மண்டபத்துத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"நானும் நகரல" என்றார் உபயதாரரின் மாமனார். அவருடைய நாற்காலி முன்னால் இருந்தது. அவர் பின்னால் இருந்தார்.

எல்லாருக்கும் முன்னால், பீடத்தைத் தொடுகிற தூரத்தில், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றது யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். சத்தியமாகச் சொல்கிறேன், என் கால் நடந்தது எனக்குத் தெரியாது. மணிச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

ஏழெட்டு வருஷமாக என் தலையில் இருந்த ஓட்டைப் பீப்பாய் அந்த இடத்தில் இறங்கியது. தெப்பம் பீப்பாயால் சாயவில்லை. பக்தியால் சாய்ந்திருக்கிறது. மணி அடித்ததும் மொத்தத் தெப்பமும் பெருமாளை நோக்கி நகர்ந்து, பெருமாளையே தண்ணீரில் அமுக்கியிருக்கிறது.

பட்டர் குனிந்து தன் ஈரக் காலைப் பார்த்தார். பிறகு, "இதுக்கு ஏதாவது ஆப் இருக்கா?" என்றார். கேலியில்லை. நிஜமாகவே கேட்டார்.

"இல்லை சாமி" என்றார் மாப்பிள்ளை. "ஆள்தான் வேணும். அஞ்சு பேர் முன்விளிம்புல நிக்கணும். என்ன ஆனாலும் நகரக்கூடாது. தண்ணியைப் பாத்து நிக்கணும். பெருமாளைப் பாத்தா கால் தானா போயிடும்."

உபயதாரர் குடும்பத்தைக் கேட்க முடியுமா? விழாவே அவர்களுடையது. கோஷ்டியார் பெருமாள் முன்னால் நின்று சொல்ல வேண்டியவர்கள். மாப்பிள்ளை தன் பெயரை முதலில் எழுதிக்கொண்டார். பெருமாள் பல்லக்கைச் சுமக்கும் இரண்டு பேர் சரி என்றார்கள். மூன்றாயிற்று.

"கன்னியப்பன் சார்..." என்றார் மாப்பிள்ளை.

"தெரியும். என் ஒருத்தன் எடைக்கு ரெண்டு பேர் நிக்க வேணாம். அதானே?" என்றார் அவர். "மொதல்ல பின்னாடி போன்னீங்க, இப்ப முன்னாடி வான்றீங்க. தவில் மட்டும் எந்தப் பக்கம் திரும்பி வாசிச்சாலும் கேக்கும். நிக்கறேன்."

இன்னும் ஒருவர்.

பட்டர் என்னைப் பார்த்தார். நான் பீப்பாயைப் பார்த்தேன்.

"பந்தல்காரரே, டிகிரி பாத்துக் கயித்துக்காராளுக்குச் சொல்லவும் ஒருத்தர் வேணும். தெப்பம் உங்களுக்குத்தான் புரியும்."

ஒத்துக்கொண்டேன் என்று எழுதினால் பொய். கரைக்கு வந்து, கடைசிப் படியில் உட்கார்ந்தேன். சரோஜா பூக்கூடையோடு அங்கேதான் இருந்தாள். எல்லாம் அவளுக்குக் கேட்டிருந்தது.

"இன்னாங்க... இந்த வாட்டியும் இல்லையா?" என்றாள்.

"இல்லை போல இருக்குது."

"அதுவும் முதுகைக் காட்டிக்கினா?"

அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் குத்தியது. தெப்பத்துக்கு அடியில் இருந்தபோது சேவிக்க முடியவில்லை, சரி. முதுகைக் காட்டவில்லையே! எழுந்து நேரே பட்டரிடம் போனேன்.

"சாமி, பெருமாளுக்கு முதுகைக் காட்டி நிக்கறது அபசாரம் இல்லையா?"

பட்டர் வேஷ்டி நுனியைப் பிழிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பல்லக்குல முன்பக்கம் தோள் கொடுக்கறாளே... அவா எந்தப் பக்கம் பாத்துண்டு நடக்கறா?"

எனக்குத் தெரியாததா? தெருவைப் பார்த்துத்தான் நடப்பார்கள். பெருமாள் அவர்கள் முதுகுக்குப் பின்னால்தான் வருவார்.

"அவாளைப் பெருமாள் கோச்சுண்டு நான் பார்த்ததில்லை" என்றார் பட்டர்.

லிஸ்டில் ஐந்தாவது பெயர் எழுதப்பட்டது.

சாயங்காலம் ஆறரை மணிக்குப் பெருமாள் தெப்பத்தில் எழுந்தருளினார். காற்று ஆப் சொன்னபடியே அடங்கியிருந்தது. தண்ணீரில் வாழைத்தண்டு விளக்குகள் அசையாமல் நின்றன. நாதஸ்வரம் மல்லாரியைத் தொடங்கியது. கரையிலிருந்து ஏழுமலை குரல் கொடுத்தான். கயிறு இறுகியது. தெப்பம் கரையை விட்டது.

உடனே போன் சங்கு ஊதியது.

கன்னியப்பன் கை தவில் மேலேயே நின்றுவிட்டது. பட்டர் பீடத்தைப் பிடித்துக்கொண்டார். சாய்ந்துவிட்டதா? கோட்டைப் பார்த்தேன். சைபர்!

"ஐயோ மாமா, இது நங்கூரம்!" என்றார் மாப்பிள்ளை. மதியம் யாருக்கோ காட்டுவதற்காகப் போட்டு, எடுக்க மறந்துவிட்டாராம். படகு நகர்ந்துவிட்டது, எழுந்திரு என்று அது எங்களை எச்சரிக்கிறது.

நகரத்தானே ஐயா கட்டினோம்?

அதை அணைத்தார். அப்போதுதான் இன்னொன்றையும் பார்த்தார். மேல் மூலையில் சார்ஜ் சிவப்பாக இருந்தது. ஆஸ்திரேலியா சார்ஜரின் பின் நம் ஊர் பிளக்கில் நுழையாது. அதற்கு நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். அடாப்டரைக் கண்டுபிடித்துச் செருகிய நேரத்தில் கரண்ட் கட். இது மாப்பிள்ளை தப்பும் இல்லை, போன் தப்பும் இல்லை.

"தாங்குமா?" என்றேன்.

"மூணாவது சுத்து வரைக்கும் தாங்கும் மாமா. தாங்கணும்."

முதல் சுற்று. இரண்டாவது சுற்று. கோடு ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஊசலாடியது. "ஏழுமலை, வடக்குக் கயிறு தளர்த்து!" "போதும்பா, புடி!" எனக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. மூன்றாவது சுற்று. தெப்பம் நின்றது. ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். கரையில் எத்தனை ஜனம், ஒரு இருமல்கூட இல்லை.

ஐந்து பேரும் தண்ணீரைப் பார்த்துத் திரும்பி, தடுப்புக் கம்பைப் பிடித்துக்கொண்டோம்.

மணி அடித்தது.

பலகை அதிர்ந்தது. காலையில் 'நகரவே இல்லை' என்று சொன்னவர்களின் அதே கால்கள். எங்கள் பின்னால் எல்லாரும் மண்டபத்தை நோக்கிப் போவது உள்ளங்காலில் தெரிந்தது. கோடு இரண்டு, மூன்று. கன்னியப்பன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தண்ணீருக்குத் தவில் வாசித்துக்கொண்டிருந்தார். நாலு. கரையெல்லாம் 'கோவிந்தா' என்றது. என் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. ஒரே ஒரு தடவை திரும்பினால் என்ன? கழுத்துதானே திரும்புகிறது, கால் இல்லையே? அடுத்த நிமிஷம் கால் எங்கே இருக்கும் என்று காலையில் பார்த்தவன் நான். கம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். கோடு ஐந்தைத் தொட்டது...

போன் அணைந்துவிட்டது.

கோடு இல்லை, எண் இல்லை. கறுப்புக் கண்ணாடி. எத்தனை டிகிரி என்று இனிமேல் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் எனக்கு ஒரே வேலைதான். நகரக்கூடாது.

நகராமல் அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதில் ஒரு சுடர் தெரிந்தது.

முதலில் கரை விளக்கு என்றுதான் நினைத்தேன். சுடர் மெதுவாக வட்டமாகச் சுற்றியது. என் தலை மறைக்கிறது என்று புரிந்து, தலையை மட்டும் கொஞ்சம் சாய்த்தேன். கோஷ்டி இரண்டு பக்கமும் பிரிந்து நின்றதில் நடுவில் வழி இருந்தது. சுடருக்குப் பின்னால் குடை. குடைக்குக் கீழே கிரீடம். சுடர் மேலே போனபோது திருமுகம். கீழே இறங்கியபோது திருவடி. பீடம் காய்ந்திருந்தது. உள்ளங்கை அளவுகூட இல்லை அந்தக் கண்ணாடி. அதற்குள் பெருமாள் முழுசாக நின்றார்.

"மாமா, எத்தனை டிகிரி?" என்றார் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை, திரும்பாமல்.

கண்ணாடியை நோக்கிக் கையைக் காட்டினேன். எண்ணைப் பார்க்கத்தான் அவர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. தலையை என் தலையோடு ஒட்டி வைத்துக்கொண்டார். தீபம் குளிர்கிற வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

தெப்பம் கரை சேர்ந்ததும் பட்டர் முதல் காரியமாகக் குனிந்து பீடத்தைத் தடவிப் பார்த்தார். கையை எங்களுக்குக் காட்டினார். ஈரமில்லை. "அடுத்த வருஷமும் நீங்கதான்" என்றார் என்னிடம். கன்னியப்பன் மட்டும், "அடுத்த வருஷம் சேவிக்கற எடத்துல என்னை நிறுத்துங்கபா. எடைக்கு அரிசி மூட்டை வெச்சுக்குங்க" என்றார். அது நல்ல யோசனைதான். மூட்டைக்கு மணிச் சத்தம் கேட்காது. இது காலையிலேயே எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

படியில் சரோஜா காத்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. "நாலு கரைக்கும் சேவை ஆச்சுங்க. உங்க ஒருத்தருக்குத்தான்..." என்று நிறுத்திக்கொண்டாள்.

"குடையில இந்த வாட்டி பச்சைக் குஞ்சம்தானே போட்டிருந்தாங்க?" என்றேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இதையெல்லாம் கேள்விப்பட்ட வாசகர் ஒருவர் கடைக்கே வந்துவிட்டார். அந்தப் போனில் பெருமாளை சேவிக்க எந்த ஆப் போட வேண்டும் என்று கேட்கிறார்.

எதுவும் போட வேண்டாம் ஐயா. சார்ஜ் தீர்ந்தால் போதும்.